காற்றிலிருந்து தழைச்சத்து: தானியப் பயிர்களும் மண் பாக்டீரியாக்களும் - ஒரு வரலாறு

சுற்றிலும் அண்டா அண்டாவாகச் சோறு இருக்கிறது. நடுவில் ஒருவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான். ஆனால் ஒரு பருக்கையைக்கூட அவனால் எடுத்துச் சாப்பிட முடியாது. நெல், கோதுமை, மக்காச்சோளம் ஆகிய மூன்றின் நிலைமையும் இதுதான்!

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஒரு ஏக்கர் வயலுக்கு மேலே நிற்கும் காற்றில் மட்டும் சுமார் 30,000 டன் நைட்ரஜன் இருக்கிறது. அந்த ஏக்கரில் விளையும் நெல்லுக்கு ஒரு பருவத்துக்குத் தேவைப்படுவது சில பத்து கிலோதான். ஆனாலும் விவசாயி கடைக்குப் போய் யூரியா மூட்டை வாங்குகிறார். ஏன்?

காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொண்டு கிடக்கின்றன. அந்தக் கட்டை அவிழ்க்க எந்தச் செடிக்கும் தெரியாது. விலங்குகளுக்கும் தெரியாது. உயிருள்ளவற்றில் அது தெரிந்தவை சில வகை பாக்டீரியாக்களும் அவற்றின் உறவுக்கார நுண்ணுயிர்களும் மட்டுமே. நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்து அவை நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றுகின்றன. செடிக்குச் சாப்பிடத் தெரிந்த வடிவங்களில் அம்மோனியாவும் ஒன்று.

துவரை, உளுந்து, நிலக்கடலை போன்றவை இந்த பாக்டீரியாக்களுக்கு வேரிலேயே முடிச்சு கட்டி வீடு கொடுத்துவிட்டன. தானியங்கள் அப்படிக் கொடுக்கவில்லை. அப்படியானால் தானியங்களுக்கும் இந்த பாக்டீரியாக்களை வேலை செய்ய வைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. இதற்குப் பதில் தேடியவர்களின் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒருமுறை உண்மை கண்ணில் படாமல் போனது, சோதனை அளவுக்கு மீறிச் சுத்தமாக இருந்ததால். இன்னொரு முறை உண்மை ஊதிப் பெரிதானது, அளந்த முறை அளவுக்கு மீறித் தாராளமாக இருந்ததால்.

மிகச் சுத்தமான ஒரு சோதனை

பயறு விளைந்த நிலத்தில் அடுத்த போகம் நன்றாக வரும் என்பது உலகம் முழுக்க விவசாயிகளுக்கு ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தெரியும். காரணம்தான் தெரியாது. 1838-ல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் பூசங்கோ இதைத் தராசு வைத்துப் பார்த்தார். மணலில் வளர்த்த பட்டாணியிலும் குளோவரிலும் நைட்ரஜன் கூடியிருந்தது. கோதுமையில் கூடவில்லை. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 1850-களில் இன்னும் கவனமாக, மூடிய கண்ணாடிப் பாத்திரங்களில் சோதனை செய்தபோது பட்டாணியிலும்கூட ஒன்றும் கூடவில்லை!

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில் ஜான் லாஸ், ஹென்றி கில்பர்ட் என்ற இருவர் புகழ்பெற்ற வேளாண் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்திவந்தார்கள். 1857, 1858-ஆம் வருடங்களில் இவான் பியூ என்ற அமெரிக்க இளைஞரோடு சேர்ந்து அவர்கள் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்க முடிவு செய்தார்கள். மண்ணைச் சூளையில் போடுவதுபோலச் சுட்டு, அதில் இருந்த நைட்ரஜனையெல்லாம் போக்கினார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் செடி வளர்த்தார்கள். உள்ளே போகும் காற்றைக்கூடக் கழுவித்தான் அனுப்பினார்கள். அவ்வளவு துல்லியம்.

முடிவு: கோதுமை, பார்லி, அவரை, பட்டாணி எதுவுமே காற்றிலிருந்து நைட்ரஜனை எடுக்கவில்லை.

இதில் எங்கே பிழை என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? மண்ணைச் சுட்டபோது நைட்ரஜனோடு சேர்ந்து பாக்டீரியாக்களும் செத்துப்போயின. வேலைக்காரனை வெளியே அனுப்பிவிட்டு, வீட்டில் வேலையே நடக்கவில்லை என்று எழுதிவைத்த கதைதான். சோதனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அவ்வளவு நன்றாகச் செய்ததால்தான் சுமார் கால் நூற்றாண்டு காலம் அதை யாராலும் அசைக்க முடியவில்லை.

பட்டாணிக்குக் கிடைத்தது, ஓட்ஸுக்குக் கிடைக்கவில்லை

ஜெர்மனியில் பெர்ன்பூர்க் என்ற ஊரில் ஹெர்மன் ஹெல்ரீகல், ஹெர்மன் வில்ஃபார்த் என்ற இருவர் வேலை செய்தார்கள். சத்தில்லாத மணலில் ஓட்ஸும் பார்லியும் வளர்த்து, நைட்ரேட்டை அளந்து அளந்து போட்டார்கள். எவ்வளவு போட்டார்களோ அதற்கேற்ற வளர்ச்சி. கணக்கு பிசகவே இல்லை.

பட்டாணி மட்டும் கணக்குக்கு அடங்கவில்லை. நைட்ரேட்டே போடாத தொட்டிகளில் சில செடிகள் பட்டினியில் வாடின. பக்கத்துத் தொட்டியில் சில செடிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. வேறொருவராக இருந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார். இவர்கள் செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தார்கள். வளர்ந்த செடிகளின் வேரில் முடிச்சுகள் இருந்தன. வாடியவற்றில் இல்லை. பிறகு வயல் மண்ணைக் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றியதும் பட்டாணி செழித்தது. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் பலன் இல்லை. ஆக, வேலை செய்தது ஏதோ ஓர் உயிர்!

1886-ல் பெர்லினில் நடந்த விஞ்ஞானிகள் மாநாட்டில் ஹெல்ரீகல் இதை அறிவித்தார். பிறகு ரோதம்ஸ்டெட்டிலேயே மறுபடி சோதித்து, இது சரிதான் என்று ஏற்றுக்கொண்டார்கள். 1888-ல் டச்சு விஞ்ஞானி பெய்ரிங்க் முடிச்சுக்குள் இருந்த பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்தெடுத்தார். அந்த இனத்துக்கு இன்று ரைசோபியம் என்று பெயர்.

பயறுக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அதே சோதனையிலேயே தானியங்களுக்கான தீர்ப்பும் இருந்தது. ஓட்ஸும் பார்லியும் போட்டால்தான் சாப்பிடும். வேரில் முடிச்சு இல்லை, பாக்டீரியாவோடு ஒப்பந்தமும் இல்லை.

கதவு முழுவதும் மூடிவிடவில்லை. யார் வீட்டிலும் தங்காமல் மண்ணில் சுதந்திரமாகத் திரிந்துகொண்டே நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியாக்களும் உண்டு என்று தெரியவந்தது. 1890-களில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி ஒன்றைக் கண்டுபிடித்தார். 1901-ல் பெய்ரிங்க் அசோட்டோபாக்டரைக் கண்டுபிடித்தார். 1920-களில் அதே பெய்ரிங்க் சுருள் வடிவத்தில் இருந்த இன்னொரு பாக்டீரியாவை விவரித்து ஸ்பைரில்லம் என்று பெயர் வைத்தார். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்தச் சுருள் பாக்டீரியாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

தொழிற்சாலை முந்திக்கொண்டது

1898-ல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் குரூக்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். உலகில் கோதுமை சாப்பிடுபவர்கள் பெருகுகிறார்கள், புதிதாக உழ நிலம் தீர்ந்துகொண்டு வருகிறது, நிலத்துக்குப் போடும் நைட்ரேட் உப்பு சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து வருகிறது, அதுவும் ஒருநாள் தீர்ந்துவிடும் என்பது அவரது எச்சரிக்கை. அந்த உப்பு எவ்வளவு பெரிய சொத்து என்றால், அது கிடைக்கும் பாலைவனத்துக்காக 1879 முதல் சிலி ஒரு பக்கமும் பெருவும் பொலிவியாவும் மறுபக்கமும் நின்று போரே நடத்தின. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேதியியலாளர்கள் வழி காண வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சம் என்றார் குரூக்ஸ்.

வழி கிடைத்தது. 1909-ல் ஃபிரிட்ஸ் ஹேபர் காற்று நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்து காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனார். 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் என்ற இடத்தில் உற்பத்தி தொடங்கியது. அடுத்த வருடமே முதல் உலகப் போர். உரத்துக்கான அம்மோனியா வெடிமருந்துக்குப் போனது. அது தனிக் கதை.

இன்று உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்தத் தொழிற்சாலை நைட்ரஜனால்தான் விளைகிறது. இதைக் குறைசொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நாளைக் காலையே இதை நிறுத்தினால் கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு இருக்காது.

சரி, இதற்கு விலை என்ன? சுமார் 400 முதல் 500 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தம். ஹைட்ரஜனுக்கு இயற்கை எரிவாயுவோ நிலக்கரியோ வேண்டும். அதனால் எண்ணெய், எரிவாயு விலை ஏறினால் உர விலையும் கூடவே ஏறும். போட்ட உரத்தில் கணிசமான பகுதி பயிருக்குப் போகாமல் நீரில் கரைந்தும் காற்றில் கலந்தும் போய்விடுகிறது. மண்ணில் இருக்கும் பாக்டீரியாவோ இதே வேலையைச் சாதாரண வெப்பத்தில், சாதாரண அழுத்தத்தில், சத்தமே இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

வயல் தண்ணீரில் ஒரு சாட்சி

உரமே போடாத காலத்திலும் ஆசிய நெல் வயல்கள் நூற்றாண்டுக் கணக்கில் விளைந்துகொண்டுதானே இருந்தன? அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது? 1939-ல் பி.கே. டே என்ற இந்திய விஞ்ஞானி இதற்கு ஒரு விடை சொன்னார். வயல் தண்ணீரில் படரும் நீலப்பச்சைப் பாசிதான் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது என்றார். (பாசி என்று பெயர் இருந்தாலும் இதுவும் ஒரு பாக்டீரியாதான்!) கால்நடைத் தீவனமாக வளர்க்கப்படும் அசோலாவின் இலைக்குள்ளும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான் குடியிருக்கிறது.

ஆக, தானியப் பயிருக்கு பாக்டீரியா உதவவே உதவாது என்பது பொய். ஆனால் இது தண்ணீர் தேங்கி நிற்கும் வயலுக்கான கதை. மக்காச்சோளம், கோதுமை, கரும்பு நிற்கும் காய்ந்த நிலத்தில்?

47-வது கிலோமீட்டரில் ஒரு பெண்

யோஹன்னா டோபரைனர் 1924-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அந்தக் குடும்பங்கள் நாட்டைவிட்டு விரட்டப்பட்டன. ஜெர்மனிக்கு வந்தவர் பண்ணையில் மாடு கறந்து பிழைத்தார். பிறகு மியூனிக்கில் வேளாண்மை படித்தார். 1950-ல் கணவரோடு பிரேசில் போனார். ரியோ டி ஜெனிரோவிலிருந்து சாவோ பாலோ போகும் பழைய சாலையில் 47-வது கிலோமீட்டரில், செரோப்பெடிக்கா என்ற இடத்தில், அரசின் மண் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. 2000-ல் இறக்கும்வரை அவரது உழைப்பெல்லாம் அந்த ஊரில்தான்.

வெப்பமண்டலப் புற்கள் உரமே இல்லாமல் எப்படிப் பச்சையாக இருக்கின்றன என்பது அவரை உறுத்திய கேள்வி. கரும்பு, நெல், கோதுமை, மக்காச்சோளம் எல்லாமே புல் குடும்பம்தான் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். 1950-களின் இறுதியில் கரும்பு வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவைக் கண்டார். 1966-ல் ஒரு புல்லின் வேரோடு ஒட்டி வாழும் புதிய பாக்டீரியாவை விவரித்தார்.

1970-களில் அவர் கையில் சிக்கியதுதான் அந்தச் சுருள் பாக்டீரியா. பெய்ரிங்க் விட்டுவிட்டுப் போன அதே ஸ்பைரில்லம்! இத்தனை வருடம் ஏன் யாரும் அதன் திறமையைப் பார்க்கவில்லை? நைட்ரோஜினேஸ் நொதிக்கு ஆக்ஸிஜன் பட்டால் ஆகாது. ஆனால் இந்த பாக்டீரியா உயிர்வாழ ஆக்ஸிஜன் வேண்டும். கெட்டியான கூழின் மேல் பரப்பி வளர்த்தால் ஆக்ஸிஜன் அதிகமாகி வேலை நின்றுவிடும். டோபரைனர் குழு பாதி இறுகிய, தளதளவென்ற கூழில் அதை வளர்த்தது. பாக்டீரியா தானாகவே நீந்திப்போய், மேற்பரப்புக்குச் சில மில்லிமீட்டர் கீழே, தனக்கு ஏற்ற அளவு ஆக்ஸிஜன் இருக்கும் மட்டத்தில் மெல்லிய வெள்ளைப் படலமாகக் கூடியது. எந்த மட்டம் வேண்டும் என்று மனிதர்கள் முடிவு செய்யாமல் பாக்டீரியாவிடமே விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் ரகசியம்.

1978-ல் அதற்கு அசோஸ்பைரில்லம் என்று புதுப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்!

அளவுக்கு மீறி எண்ணிய மீட்டர்

நேரமும் சரியாக அமைந்தது. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து உர விலை தாறுமாறாக ஏறியிருந்தது. அந்தச் சமயம் பார்த்து, மக்காச்சோள வேரில் நைட்ரஜன் பிடிபடுகிறது என்று பிரேசிலிலிருந்து செய்தி வந்தால் எப்படி இருக்கும்? உலகமே திரும்பிப் பார்த்தது. இனி உர மூட்டையே வேண்டாம் என்ற அளவுக்குச் சிலருக்குக் கனவு வந்துவிட்டது.

பிறகுதான் சிக்கல். அப்போது நைட்ரஜன் பிடிப்பை அளக்க ஒரு சுலபமான வழி இருந்தது. நைட்ரோஜினேஸ் நொதி அசெட்டிலின் வாயுவையும் எத்திலினாக மாற்றும். வந்த எத்திலினை அளந்தால் நொதியின் வேகம் தெரிந்துவிடும். ஆனால் வேரை வெட்டியெடுத்து, ஆக்ஸிஜன் குறைந்த புட்டியில் இரவு முழுக்க வைத்திருந்து, அதன் பிறகு அளந்தார்கள். அந்த ஓர் இரவில் வேர் அழுக, அதிலிருந்து கசிந்ததைத் தின்று பாக்டீரியா பலமடங்கு பெருகிவிட்டது. வயலில் ஓடிய வேகத்தைவிட மிக அதிகமான வேகத்தை மீட்டர் காட்டியது. மற்ற ஆய்வுக்கூடங்கள் இதைப் பிடித்துவிட்டன.

ரோதம்ஸ்டெட்டில் பாக்டீரியாவைக் கொன்றுவிட்டு எண்ணினார்கள், பூஜ்யம் வந்தது. இங்கே பாக்டீரியாவைப் பெருக்கிவிட்டு எண்ணினார்கள், பெரிய தொகை வந்தது. இரண்டிலும் யாரும் பொய் சொல்லவில்லை. எண்ணிய முறைதான் வேறு.

வரவா? வசூலா?

கனமான நைட்ரஜன் அணுக்களை அடையாளமாக வைத்துக் கணக்குப் பார்க்கும் நம்பகமான முறை வந்தபிறகு படம் தெளிவானது. கரும்புக்கு நல்ல செய்தி. பிரேசிலில் சில கரும்பு ரகங்கள் தங்கள் நைட்ரஜனில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து பெறுவதாக 1992-ல் ஓர் ஆய்வு காட்டியது. (எல்லா ரகத்துக்கும், எல்லா நிலத்துக்கும் இது பொருந்தாது.) 1988-ல் டோபரைனர் குழுவே கரும்பின் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவையும் கண்டுபிடித்திருந்தது.

மக்காச்சோளத்திலும் கோதுமையிலும் அவ்வளவு கிடைக்கவில்லை. ஆனால் விளைச்சல் மட்டும் பல இடங்களில் கூடியது! இது எப்படி?

அசோஸ்பைரில்லம் வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனைச் சுரக்கிறது. வேர் கிளைவிட்டுப் பரவுகிறது, வேர்த்தூவிகள் கூடுகின்றன. மண்ணில் ஏற்கனவே இருக்கும் தண்ணீரையும் சத்தையும் செடி இன்னும் நன்றாக உறிஞ்சிக்கொள்கிறது. கணக்குப் பாடத்தில் சொல்வதுபோலச் சொன்னால், இது புதிய வரவு இல்லை, நிலுவையில் கிடந்ததை நன்றாக வசூல் செய்தது. காற்றிலிருந்து வந்த உண்மையான வரவு இதில் ஒரு பகுதிதான்.

வரவு ஏன் குறைவு? ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிரிக்க பாக்டீரியா குறைந்தது 16 ஏடிபி செலவழிக்க வேண்டும். ஏடிபி என்பது உயிரணுவுக்குள் புழங்கும் காசு. அவ்வளவு செலவு செய்து சம்பாதித்ததைச் சும்மா தூக்கிக் கொடுக்க அதற்கு என்ன அவசியம்? ரைசோபியத்துக்குத் துவரை வீடு கொடுத்து, சர்க்கரையும் கொடுக்கிறது, அதனால் அது கறாராகத் திருப்பித் தருகிறது. தானிய வேரின் ஓரத்தில் திரியும் பாக்டீரியாவுக்குக் கிடைப்பது வேரில் கசியும் மிச்சம் மீதிதான். அதனால் அது தனக்கு வேண்டிய அளவுக்கே சம்பாதிக்கும், பெரும்பாலும் அது செத்த பிறகுதான் செடிக்குப் பங்கு வரும். இன்னொன்று, பக்கத்தில் யூரியா கிடந்தால் அது நைட்ரஜன் பிடிக்கும் வேலையையே நிறுத்திவிடும். சும்மா கிடைக்கும்போது யார் உழைப்பார்கள்!

1994-ல் இருபது வருட உலகளாவிய வயல் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அசோஸ்பைரில்லம் போட்ட சோதனைகளில் 60 முதல் 70 சதவீதத்தில் பலன் இருந்தது, விளைச்சல் 5 முதல் 30 சதவீதம்வரை கூடியிருந்தது. இதைத் திருப்பிப் படித்தால், பத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒன்றும் நடக்கவில்லை. நேர்மையான கணக்கு இதுதான்.

கால் பங்கின் அருமை

அப்படியானால் எல்லாம் வீணா? இல்லை. பிரேசில் செய்ததைப் பாருங்கள்.

1960-களில் பிரேசிலில் சோயா சாகுபடி தொடங்கியபோது, நைட்ரஜன் உரம் போடாமல் பாக்டீரியாவை நம்பியே ரகங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று டோபரைனர் வாதாடினார். வாதம் ஜெயித்தது. சோயா தானியம் இல்லை, முடிச்சு உள்ள பயறுதான். ஆனால் இங்கே முக்கியம் கொள்கை. உரம் போட்ட நிலத்தில் ரகம் தேர்ந்தெடுத்தால் உரம் கேட்கும் ரகம்தான் ஜெயிக்கும். உரம் போடாத நிலத்தில் தேர்ந்தெடுத்தால் பாக்டீரியாவோடு ஒத்துப்போகும் ரகம் ஜெயிக்கும். இன்று உலகில் அதிகம் சோயா விளைவிக்கும் நாடு பிரேசில். நைட்ரஜன் உரம் வாங்காததால் அந்த நாட்டுக்கு வருடத்துக்குப் பல பில்லியன் டாலர் மிச்சம்.

டோபரைனரோடு வேலை செய்த மரியாஞ்செலா உங்ரியா தானியத்தை விடவில்லை. அரசின் எம்ப்ராபா ஆய்வு நிறுவனத்தில் இருந்து, அசோஸ்பைரில்லத்தில் நல்ல வகைகளைப் பொறுக்கியெடுத்து மக்காச்சோளத்துக்கும் கோதுமைக்கும் சோதித்தார். 2010-ல் வெளிவந்த முடிவில் விளைச்சல் மக்காச்சோளத்தில் 24 முதல் 30 சதவீதம், கோதுமையில் 13 முதல் 18 சதவீதம் கூடியிருந்தது. பிறகு நிறைய வயல்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது மக்காச்சோளத்தில் சராசரி சுமார் 5 சதவீதமாக இறங்கியது. ஆனால் மக்காச்சோளத்துக்கு மேலுரமாகப் போடும் நைட்ரஜனில் கால் பங்கைக் குறைத்தாலும் விளைச்சல் விழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்தது. 2025-ல் உங்ரியாவுக்கு உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கால் பங்கு என்றால் சின்ன விஷயமாகத் தெரியலாம். தனக்கு வேண்டிய உரத்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு அது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கி உர விலை உச்சத்துக்குப் போனபோது அந்தக் கால் பங்கின் அருமை எல்லோருக்கும் புரிந்தது.

தமிழ்நாட்டில் ஒரு பாக்கெட்

தமிழ்நாட்டிலும் அசோஸ்பைரில்லம் பல வருடங்களாக 200 கிராம் பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைப்பார்கள். நெல் நாற்றின் வேரை நனைத்து நடுவார்கள். தொழு உரத்தோடு கலந்து வயலில் தூவுவதும் உண்டு. இப்போது திரவ வடிவிலும் வருகிறது.

இதில் மறக்கக்கூடாத ஒன்று, அந்தப் பாக்கெட்டுக்குள் இருப்பது உயிர். வெயிலில் வைத்தால் சாகும், காலாவதியானால் சாகும், ரசாயனப் பூச்சிக்கொல்லியோடு சேர்த்துக் கலக்கினால் சாகும். செத்த பாக்டீரியாவைப் போட்டுவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வது ரோதம்ஸ்டெட் கதையின் இரண்டாம் பாகம்!

இன்னொரு பக்கம் விலை. இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 242 ரூபாய், வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் வரியும் தனி. 2018-லிருந்து இதே விலைதான். யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். அப்படியென்றால் விவசாயிக்கு ஒரு கிலோ நைட்ரஜன் சுமார் 12 ரூபாய்க்கு வந்துவிடுகிறது. உண்மையான அடக்கவிலை இதைவிடப் பலமடங்கு. மீதியை மானியமாக அரசு கொடுக்கிறது. 12 ரூபாய்க்கு நிச்சயமாகக் கிடைக்கும் ஒன்றை விட்டுவிட்டு, பத்தில் ஆறு ஏழு முறைதான் பலிக்கும் பாக்கெட்டை நம்ப விவசாயி ஏன் யோசிக்கிறார் என்பது புரிகிறது அல்லவா? அதில் அவர் தப்பு எதுவும் இல்லை. பாக்டீரியா மிச்சப்படுத்தும் பணத்தில் பெரும்பகுதி அரசுக் கஜானாவுக்குப் போகிறது. விளையாவிட்டால் நஷ்டம் மட்டும் விவசாயிக்கு. லாபம் ஒருவருக்கு, ரிஸ்க் இன்னொருவருக்கு என்றால் எந்தச் சரக்கும் விற்காது!

தேடல் நிற்கவில்லை

2018-ல் ஓர் ஆச்சரியமான செய்தி வந்தது. மெக்சிகோவின் ஓஹாக்கா மாநில மலைப்பகுதியில் மிஹே பழங்குடி மக்கள் பரம்பரையாக வளர்க்கும் ஒரு மக்காச்சோளம் ஆளைவிட இரண்டு மூன்று மடங்கு உயரம் வளர்கிறது. தண்டில் அடுக்கடுக்காகத் தொங்கும் விழுதுகளிலிருந்து கோழை போன்ற ஒரு திரவம் சொட்டுகிறது. அதில் சர்க்கரை நிறைய, ஆக்ஸிஜன் குறைவு. நைட்ரஜன் பிடிக்கும் பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல வீடு வேண்டுமா? அந்தச் செடி தன் நைட்ரஜனில் 29 முதல் 82 சதவீதம்வரை காற்றிலிருந்து பெறுகிறது என்று கணக்கிட்டார்கள். விஞ்ஞானிகள் நூறு வருடமாகத் தேடியதை, சத்தில்லாத மலைமண்ணில் அந்த விவசாயிகள் விதை பொறுக்கிப் பொறுக்கியே வளர்த்து வைத்திருந்தார்கள்!

2019-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம், பக்கத்தில் உரம் கிடந்தாலும் வேலையை நிறுத்தாத விதத்தில் மரபணு திருத்திய பாக்டீரியாவை மக்காச்சோளத்துக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. தானிய வேரிலேயே முடிச்சு வரவைக்க முடியுமா என்ற ஆராய்ச்சியும் நடக்கிறது. இது பலித்தால் குரூக்ஸின் கேள்விக்கு இரண்டாவது பதில் கிடைத்துவிடும்.

அதுவரை? பாக்டீரியா ஒன்றுக்கும் உதவாது என்பவர்களும், பாக்டீரியா இருந்தால் உரமே வேண்டாம் என்பவர்களும் இந்த வரலாற்றை ஒருமுறை படிப்பது நல்லது. டோபரைனரும் உங்ரியாவும் காட்டியது இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி. கிடைக்கும் கால் பங்கை ஒழுங்காக அளந்து, அதற்கேற்ற விதையைத் தேர்ந்தெடுத்து, உயிருள்ள சரக்கை உயிரோடு வயலில் சேர்த்து, மிச்சமாகும் பணத்தில் விவசாயிக்கும் ஒரு பங்கு கொடுப்பது. முதல் மூன்றையும் விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள். நான்காவதை அரசுகள்தான் பார்க்க வேண்டும்.